வெளிச்சுவரில் போடும் ஓட்டை

(கடந்த பாடசாலை விடுமுறையில், நமது சங்கத்தின் இளைஞர் பிரிவுக்கும் மாதர் பிரிவுக்கும் தேற்றாத்தீவில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் அங்கே ஒரு பட்டறைக்குள் நின்று, செய்து காட்டியபடியே பேசியதன் எழுத்து வடிவம் இது. வர முடியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காகச் சில இடங்கள் சற்று விரிக்கப்பட்டுள்ளன.)



விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று மலை இறங்கி, செங்கலடிச் சந்தியால் திரும்பி, மட்டக்களப்பு டவுனையும் தாண்டி இந்த ஊருக்கு வந்திருக்கிறீர்கள். பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தலைச்சுற்று. நேற்றுப் பின்னேரம் கடலைக் கண்டதும் அந்தத் தலைச்சுற்று எங்கே போனதென்று தெரியவில்லை. முப்பது வருசம் கொழுந்தெடுத்த ஒரு அக்கா முதல் தடவையாகக் கடலில் கால் நனைத்துவிட்டு, "என்னா சேர், இம்புட்டுத் தண்ணிய வச்சிக்கிட்டு குடிக்கிறதுக்குக் கெணத்துல எறைக்கிறீங்களே" என்று கேட்டார். நான் பிறந்த ஊரைப் பற்றி இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

இந்த ஊரின் பெயரில் ஒரு மரம் இருக்கிறது. தேற்றா மரம். அதன் கொட்டையை மண்பானையின் உள்பக்கத்தில் உரைத்துவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தால், கொஞ்ச நேரத்தில் மண்டி அடியில் படிந்து தண்ணீர் தெளியும். என் அம்மம்மா அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். கரண்ட் விசயத்தில் நம் எல்லோருக்கும் கொஞ்சம் கலக்கம் உண்டு. இன்று அது தெளிந்தால் போதும்.

விசயத்துக்கு வருகிறேன். நமது தோட்டத்தில் பாவனையில்லாமல் கிடக்கும் பழைய பிள்ளைக் காம்பராவைச் சங்கத்தின் சிறு பட்டறையாக மாற்றக் கேட்டோம். கட்டடம் கிடைத்துவிட்டது. இரண்டு தையல் மெஷின், ஒரு கிறைண்டர், ஒரு ட்றில், நாலு லைட். இவ்வளவுதான் நமது திட்டம். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் கரண்ட் இல்லை. வெளியிலிருந்து சுவரைத் துளைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

போன தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். "ஒரு ஓட்டையப் போட்டு வயர இழுத்தா ரெண்டு மணித்தியால வேல. தீபாவளிக்கு முந்தி மெஷின சுத்தலாம்" என்று தம்பிமார் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். "சேர் எல்லாத்துக்கும் தடை போடுறாரு" என்று சிலருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். காரணத்தை நான் அன்று ஒழுங்காகச் சொல்லவில்லை. அதை இந்தச் சுவருக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்றுதான் உங்களை இவ்வளவு தூரம் கூட்டி வந்தேன்.

இது என் அண்ணனின் பட்டறை. கேற், கிறில் அடிக்கிற இடம். தொடங்கும்போது தனி மீற்றர் எடுக்கக் காசில்லை. வீட்டிலிருந்து வயர் இழுத்தார்கள். தெரிந்த ஒருவர் வந்து, இந்தக் கல்லுச் சுவரில், இதோ இந்த உயரத்தில், நேராக ஒரு ஓட்டை போட்டார். பைப் இல்லை. வெறும் வயரை நுழைத்து, சுற்றியிருந்த இடைவெளியில் சீமெந்துப் பையின் கடதாசியைச் சுருட்டித் திணித்தார். "இப்போதைக்கு இது போதும், பிறகு நல்லாச் செய்வம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பிறகு வரவேயில்லை. ஒன்றரை வருசம் அந்த வயரில்தான் வேலை நடந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் எல்லோரும் அதை மறந்துவிட்டோம்.

மறுகா மாரி வந்தது. இந்தப் பக்கத்து மாரியை நீங்கள் பார்த்ததில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு கடல் பக்கமிருந்து மழை சாய்வாக வந்து சுவரில் அடிக்கும். நாள் கணக்கில் அடிக்கும். அப்படி ஒரு நாள் பின்னேரம், அண்ணனைத் தேத்தண்ணீருக்குக் கூப்பிட அம்மா வந்தார். வெறுங்கால். இந்த இரும்புக் கதவு நிலையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்க முடியவில்லை.

அண்ணனுடைய புத்தி நல்ல நேரத்துக்கு வேலை செய்தது. அம்மாவைப் பிடித்து இழுக்காமல் வீட்டுக்குள் ஓடி மெயின் சுவிட்சைத் தட்டினார். அம்மா கீழே விழுந்தார். உயிர் இருந்தது. கையில் இரண்டு விரல் இன்றுவரை மரத்துப்போய்த்தான் இருக்கிறது. நேற்றிரவு உங்களுக்குப் புட்டு அவித்துத் தந்தவர் அவர்தான். அதோ, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா கண் விழித்ததும் என்ன சொன்னார் தெரியுமா? "செவருல கை பட்டாச் சுள்ளெண்டுது எண்டு ரெண்டு நாளாச் சொன்னன். ஆரு மனே கேட்டீங்க?" என்றார். உண்மை. சொன்னார். ஈரத்தில் கூசுகிறது, வயது போன கை என்று நாங்கள் சிரித்தோம். நான் படித்த வாத்தியார். நானும்தான் சிரித்தேன்.

தோழர்களே, நமது லயங்களில் இந்தப் பேச்சு எத்தனை தடவை கேட்டிருக்கிறது? "பைப்படியில கை வச்சா சுள்ளுங்குது." "தகரம் கரண்டு அடிக்குது." "சொவரு ஈரமானா ஒரு மாதிரி இருக்கு." யார் சொல்வது? பெரும்பாலும் அம்மாமார், அக்காமார். வெறுங்காலோடும் ஈரக்கையோடும் அதிக நேரம் வீட்டில் புழங்குவது அவர்கள்தான். அந்தப் பேச்சுக்கு நாம் என்ன செய்தோம்? இனிமேல் அப்படி யாராவது சொன்னால் அதைச் சங்கத்துக்கு வந்த முறைப்பாடாக எழுதி வையுங்கள். அன்றைக்கே மெயினை நிறுத்தி ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

இனி, அம்மாவின் கையைப் பிடித்தது எது என்று பார்ப்போம். மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே நடந்து உள்ளே வந்தது. ஓட்டையின் விளிம்பில் கல்லு வெட்டி, வயரின் மேல்தோல் கிழிந்திருந்தது. கிழிந்த இடம் நனைந்து சுவர் ஈரமாகி, அந்த ஈரம் இரும்பு நிலைக்கு வந்தது. அந்த நிலையிலிருந்து நிலத்துக்குப் போக எர்த் வயர் இல்லை. கசிகிற கரண்டைக் கண்டு நிறுத்த ட்ரிப் சுவிட்சும் இல்லை. ஆகவே நிலத்துக்குப் போகும் வழியாக அம்மா ஆகிவிட்டார்.

"பியூஸ் போகவில்லையா?" என்று ஒரு தம்பி கேட்கிறான். நல்ல கேள்வி. நமது வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். 60 வோட் பல்ப் ஒன்று எரிய ஏறத்தாழ 260 மில்லி அம்பியர் ஓடுகிறது. ஒரு மனிதனின் நெஞ்சுக்கூட்டுக்கு ஊடாக 50, 100 மில்லி அம்பியர் ஓடினாலே இதயம் தாளம் தப்பி நின்றுவிடலாம். அதாவது, ஒரு சின்னப் பல்பு குடிக்கும் கரண்டில் பாதிகூடத் தேவையில்லை. ஆனால் 15 அம்பியர் பியூஸ் என்பது 15,000 மில்லி அம்பியர் வரைக்கும் சும்மா இருக்கும். அது வயரைக் காப்பாற்ற வைத்தது, ஆளைக் காப்பாற்ற வைத்ததல்ல. ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி அம்பியரில் விழுகிற ட்ரிப் சுவிட்ச். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமனா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால், எங்கேயோ கசிகிறது என்று உடனே விழுந்துவிடும்.

இதுவும் அம்மா சொன்ன அதே பேச்சுத்தான். மழை நாளில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், "கரைச்சல் தருது" என்று அதைக் கழற்றி நேராக வயரைக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அது விழுகிறது என்றால் எங்கேயோ தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த இடத்தைத் தேடுங்கள்.

சரி, எழும்பி வாருங்கள். சுவரைச் சுற்றி நில்லுங்கள். இப்போது இந்தப் பட்டறைக்குத் தனி மீற்றர் இருக்கிறது. இந்த ஓட்டையும் புதிது. இதை எப்படிப் போட்டோம் என்று சொல்கிறேன். வயர் கொடுத்து மெயினில் இணைத்தது என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள வயரிங் பாஸ். ஓட்டை, பைப், பூச்சு எல்லாம் அவர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தது. பிள்ளைக் காம்பராவிலும் அப்படித்தான். கரண்ட் உள்ள கம்பியை நாம் தொடுவதில்லை. மீற்றரின் சீலையும் தொடுவதில்லை.

முதலில் எந்தச் சுவர் என்று பார்க்க வேண்டும். இங்கே ஊர் வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி. மாரி மழை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. ஆகவே பழைய ஓட்டை இருந்த கடற்பக்கத்துச் சுவரை விட்டு, வாவிப் பக்கத்துச் சுவருக்கு, கூரையின் தாழ்வாரத்துக்குக் கீழே மாறினோம். நமது ஊவாப் பக்கத்திலும் பெரிய மழை இதே வாடையில்தான். ஆனால் ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் இருக்கிற சொந்தக்காரருக்குச் சொல்லும்போது மாற்றிச் சொல்லுங்கள். அங்கே வைகாசி தொடங்கித் தென்மேற்கு மழை. மேற்குப் பக்கத்துச் சுவர்தான் நனையும். எந்த ஊரானாலும் ஒரு பெருமழை நாளில் கட்டடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். காய்ந்து கிடக்கும் சுவர் எதுவென்று அதுவே காட்டிவிடும். பீலித் தண்ணீர் விழும் இடத்துக்குக் கிட்டவும் போக வேண்டாம்.

அடுத்தது சுவரில் எந்த இடம். மூலை வேண்டாம். தூண், பீம், ஜன்னல் மேல் லின்ரல் இவற்றுக்குக் கிட்டவும் வேண்டாம். ஏற்கெனவே சுவருக்குள் வயர் இருக்கும் கட்டடமானால், சுவிட்சுக்கும் சொக்கட்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்கக் கூடாது. வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். துளைக்கு முன் மெயினை நிறுத்துங்கள். மறுபக்கத்தில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். லயத்தில் இது இன்னும் முக்கியம். அங்கே ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டின் சுவர். நீங்கள் துளைக்கிற ட்றில் கம்பி பக்கத்து வீட்டுத் தொட்டிலுக்கு மேலே வெளியே வரலாம். பிள்ளைக் காம்பராவின் சுவர் கருங்கல். கல்லைத் துளைத்து மாரடிக்காமல், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்தைத் தேடித் துளைக்க வேண்டும்.

இப்போது வருகிறது முக்கியமான இடம். ஓட்டை நேராக இருக்கக் கூடாது. உள்பக்கம் உயரமாகவும் வெளிப்பக்கம் பதிவாகவும் சரிந்திருக்க வேண்டும். இந்தச் சுவர் 6 அங்குலம். உள்வாய்க்கும் வெளிவாய்க்கும் ஒரு சுண்டுவிரல் பருமன் உயர வித்தியாசம் வைத்தோம். தண்ணீர் மேல் நோக்கி ஏறாது. அது நுழைந்தாலும் வந்த வழியே வெளியே வடிந்துவிடும். பழைய ஓட்டையை அளந்து பார்த்தபோது அது உள்பக்கம் சரிந்திருந்தது. ஒன்றரை வருசம் மழைக்கு நாமே பீலி வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

முதலில் உள்ளிருந்து மெல்லிய கம்பியால் சரிவாக ஒரு ஓட்டை. அது வெளியே எங்கே வருகிறதோ அங்கிருந்து பெரிய கம்பியால் பாதி, உள்ளிருந்து மீதிப் பாதி. ஒரே பக்கத்தால் தள்ளினால் மறுபக்கம் கல்லு பெயர்ந்து வாய் பிளந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் யாரும் ட்றிலைத் தூக்கக் கூடாது. என் அண்ணன் இருபது வருசமாக வெல்டிங் செய்பவர், அவரும் போடுகிறார்.

ஓட்டைக்குள் நேரே வயரை விடக் கூடாது என்பதற்கு அம்மாவின் விரல் சாட்சி. இங்கே 25 மில்லிமீற்றர் பைப்பில் ஒரு துண்டைச் சுவருக்குள் உறையாக வைத்துப் பூசினோம். அதற்குள் 20 மில்லிமீற்றர் கொண்டியூட் பைப் போகிறது. ஏன் இரண்டு? பீவீசி வெயிலில் நீளும். 3 மீற்றர் பைப்புக்கு 20 பாகை சூடு ஏறினால் சுமார் 4 மில்லிமீற்றர் நீளும். இரவில் திரும்பச் சுருங்கும். சீமெந்தால் இறுக்கிப் பூசிவிட்டால் சில மாதங்களில் அந்த இடம் வெடிக்கும். வெடிப்புக்குள் மழை போகும். உறை இருந்தால் பைப் உள்ளே அசைய இடமுண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை வெளிப்பக்கம் சிலிக்கன் பூசி அடைக்க வேண்டும். அது றப்பர் மாதிரி இழுபடும். கடதாசி, சாக்குத் துணி, சோப்புக் கட்டி எல்லாம் வேண்டாம். சோப்புக் கட்டி வைத்த இடமும் நான் பார்த்திருக்கிறேன்.

இரும்புப் பைப் போட்டால் பலமாக இருக்குமே என்று கேட்கலாம். இங்கே கடற்காற்றில் உப்பு. இரும்பு இரண்டு மாரியில் உக்கிவிடும். மலையில் உப்பில்லை, இரும்பு போடலாம். ஆனால் அந்தப் பைப்புக்கே எர்த் கொடுக்க வேண்டும். போகிற கம்பியும் திரும்புகிற கம்பியும் ஒரே பைப்பால்தான் போக வேண்டும். ஒன்றை ஒரு இரும்புப் பைப்பிலும் மற்றதை இன்னொன்றிலும் விட்டால் இரும்பு சூடேறும். பீவீசிக்கு அந்தக் கரைச்சல் இல்லை. அதற்கு எதிரி வெயில். வருசக்கணக்கில் நேர் வெயில் பட்டால் முறுகிப் போகும். தாழ்வாரத்து நிழலில் வைத்தால் நீடித்து நிற்கும்.

வெளியே பைப் கீழிருந்து மேலே ஏறி வந்து, மூடி உள்ள எல்போவால் வளைந்து சுவருக்குள் போகிறது, பாருங்கள். மேலேயிருந்து இறங்கி வந்து அப்படியே நுழைந்தால் தண்ணீரும் கூடவே வரும். போஸ்டிலிருந்து வயர் உயரத்தில் வருகிறதென்றால், ஓட்டைக்குக் கீழே ஒரு வயிறு மாதிரித் தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றி நுழையுங்கள். தண்ணீர் அந்த வயிற்றில் சொட்டிப் போகும். பைப்பின் உள்வாயையும், வயர் விட்ட பிறகு, கழற்றக்கூடிய பசையால் அடைத்திருக்கிறோம். எறும்பும் பல்லியும் ஈரக்காற்றும் அந்த வழியால் பொக்ஸுக்குள் போகாமல் இருப்பதற்கு.

வயர் விடுவதற்கு முன்னால் ஒரு பரீட்சை இருக்கிறது. அதற்குக் கருவி வேண்டியதில்லை. ஒரு வாளி, ஒரு பழைய பேப்பர் போதும். வெளியே ஒருவர் ஓட்டையைச் சுற்றிப் பத்து நிமிடம் தண்ணீரை வீசி அடிக்க வேண்டும். உள்ளே ஒருவர் பேப்பரைச் சுவரில் ஒற்றிப் பார்க்க வேண்டும். பேப்பர் நனைந்தால் அந்த ஓட்டை தேறவில்லை. திரும்பவும் செய்யுங்கள். வயர் போன பிறகு இந்தப் பரீட்சை வைக்கக் கூடாது. அதற்குப் பிறகு பரீட்சை வைக்கிறது மழைதான்.

வயரைப் பற்றி ஒரு சொல். கடையில் "செவின் பொயின்ற் சிக்ஸ் செவின்" என்று கேட்பார்கள். 7/0.67 என்றால் 0.67 மில்லிமீற்றர் பருமனுள்ள ஏழு கம்பி சேர்ந்தது. மொத்தம் 2.5 சதுர மில்லிமீற்றர். இது சொக்கட்டுக்கு. 1/1.13 என்பது ஒற்றைக் கம்பி, லைட்டுக்கு. லைட் வயரில் கிறைண்டரைக் கொடுத்தால் வயர் சூடேறும். வெளியிலிருந்து வரும் மெயின் வயர் எவ்வளவு பருமன் வேண்டும் என்பதை உள்ளே ஓடும் மெஷின்களைக் கணக்குப் பார்த்து பாஸ் சொல்வார். பைப்புக்குள் பாதி இடமாவது காலியாக இருக்க வேண்டும். சுவருக்குள் ஜொயின்ற் கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முறுக்கிய ஜொயின்றால்தான் எத்தனையோ இடத்தில் நெருப்புப் பிடிக்கிறது.

எர்த்துக்கு நிலத்தில் செம்புக் கம்பம் இறக்க வேண்டும். இங்கே ஈர மணல், சுலபம். நமது மலையில் கல்லு நிலம். கம்பம் இறங்கினால் மட்டும் போதாது, மீற்றர் வைத்து அளக்க வேண்டும். தண்ணீர்ப் பைப்பில் எர்த்தைக் கட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் வீட்டுக் கசிவு அடுத்த லயத்துப் பைப்படியில் நிற்கிற பிள்ளையைப் போய்ப் பிடிக்கும்.

இவ்வளவும் சொன்னபோது அந்தத் தம்பி திரும்பவும் கையை உயர்த்துகிறான். "சேர், லயத்துல இதுல ஒன்னும் இல்லையே. அப்ப பட்டறைக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்கிறான். இதற்குத்தான் நான் வந்தேன்.

1950 ஆம் ஆண்டு லக்சபானாவில் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நமது மலைத் தண்ணீரில் பிறந்த கரண்ட் கொழும்புக்குப் போனது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்கு அடியில் போனது. நீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் தலை காட்டுகிறது. அதற்கும் முன்னாலேயே பல தேயிலை ஸ்டோர்கள் ஆற்றுத் தண்ணீரில் தங்கள் சொந்த மின்சாரத்தை எடுத்து மெஷின் ஓட்டின. ஸ்டோர் சுவருக்கு உள்ளே கரண்ட், பக்கத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. அப்படியே எத்தனையோ வருசம். பிறகு லயத்துக்குக் கரண்ட் வந்தபோதும், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓட்டை போட்டு இழுத்த வயராகத்தான் பல இடங்களில் வந்தது. மின்னொழுக்கால் லயத்தில் தீ என்று பேப்பரில் படிக்கிறோம். ஒரு காம்பராவில் பிடித்தால் ஒரே கூரை, முழு வரிசையும் போகிறது. என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி ஒரு இரவில் உடுத்த உடுப்போடு நின்றது. மறுநாள் பாடசாலைக்கு வந்து, "சேர், கொப்பி எரிஞ்சிருச்சி" என்று சொன்னது. வீடு எரிந்தது என்று சொல்லவில்லை. கொப்பி எரிந்ததற்கு நான் ஏசுவேன் என்று பயம்.

அதற்காக நிர்வாகத்திடம் போகிறோம், கடிதம் எழுதுகிறோம், சண்டை பிடிக்கிறோம். இன்னும் பிடிப்போம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். நாளைக்குப் பிள்ளைக் காம்பராப் பட்டறையில் நிர்வாகம் யார்? நாம்தான். துரை இல்லை, கம்பனி இல்லை. அங்கே தையல் மெஷினில் உட்காரப் போவது நமது தங்கச்சி. கிறைண்டர் பிடிக்கப் போவது நமது தம்பி. "இப்போதைக்கு இது போதும்" என்ற சொல்லை இத்தனை தலைமுறையாக நமக்குச் சொன்னார்கள். அதே சொல்லை நாம் நமது பிள்ளைக்குச் சொல்லப் போகிறோமா?

சட்டமும் அப்படித்தான் பார்க்கும். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கம். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கம். ஸ்டோரில் ஒருவருக்குக் கை போனால் இவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறோம். சம்பளம் கொடுத்து ஆளை வைத்தால் வேலைகொள்வோரின் கடமை நமக்கும் வரும். என் அண்ணனிடம் இரண்டு பையன்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் விசயத்தில் அவரும் ஒரு வேலைகொள்வோர். அம்மாவுக்கு நடந்த பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. பையன்களுக்கு நடந்திருந்தால் அவர்களின் தாய்மாருக்கு என்ன சொல்லியிருப்பார்?

ஆகவே கமிட்டிக்கு நான் வைக்கும் யோசனை இதுதான். முதலாவது, ஓட்டை, பைப், எர்த், ட்ரிப் சுவிட்ச் நான்கும் முடிந்து, பாஸ் அளந்து எழுதிக் கையெழுத்து வைத்த பிறகுதான் மெஷின் ஓடும். தீபாவளி தாண்டினால் தாண்டட்டும். இரண்டாவது, மாதத்துக்கு ஒரு தடவை ட்ரிப் சுவிட்சிலுள்ள சின்ன பொத்தானை அமத்திப் பார்க்க வேண்டும். அமத்தியவுடன் விழ வேண்டும். விழாவிட்டால் அன்று வேலை இல்லை. அந்தப் பொறுப்பு மாதர் பிரிவுக்கு. மூன்றாவது, லயங்களில் எங்கே சுவர் சுள்ளென்கிறது, எங்கே வெறும் வயர் சுவருக்குள் போகிறது என்று காம்பரா வாரியாக ஒரு கணக்கு எடுப்போம். நமது பட்டறையின் சுவரைக் காட்டி, "இப்படிச் செய்ய முடியும், செய்து தாருங்கள்" என்று நிர்வாகத்திடம் கேட்போம். நாமே செய்து காட்டிய வேலையை முடியாது என்று சொல்வது அவர்களுக்கும் கஷ்டம்.

தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் இன்னொன்று. இந்த வேலையில் கைப்பிடிப்பு இருக்கிறவர்கள் தொழிற்பயிற்சி அதிகார சபையில் கேட்டுப் பாருங்கள். மின்வயரிங் வேலைக்கு என்.வி.கியூ. மூன்றாம் தரம், நான்காம் தரம் உண்டு. நமது தோட்டத்துக்கு நமது பிள்ளையே பாஸாக வந்தால், அளக்கவும் கையெழுத்து வைக்கவும் வெளியாளைத் தேட வேண்டியதில்லை.

கடைசியாக, எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டியது. ஒருவரைக் கரண்ட் பிடித்தால் அவரைத் தொடாதீர்கள். மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையில் நின்று, காய்ந்த தடியால் வயரைத் தட்டி விலக்குங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். இன்னொருவர் 1990 க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். பின்னேரம் தலையணையை வைத்து இதைப் பழகுவோம். யாரும் கடற்கரைக்கு ஓடக் கூடாது.

இப்போது அந்த வாளியை எடுங்கள். மூன்று பேர் வெளியே போய்ச் சுவரில் தண்ணீர் அடியுங்கள். இந்த ஓட்டை தேறி இரண்டு மாரி கண்டுவிட்டது. மெயினையும் நிறுத்தியாயிற்று. அதனால்தான் இன்று மட்டும் அடிக்கச் சொல்கிறேன். மற்றவர்கள் உள்ளே பேப்பரோடு நில்லுங்கள். நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம், ஒற்றிப் பாருங்கள். பிறகு அம்மாவிடம் போய், மழை நாளில் இந்தக் கதவை எந்தக் கையால் திறக்கிறார் என்று கேளுங்கள். ஒன்றரை வருசமாக மரத்த விரலுள்ள அந்தக் கையால்தான் திறக்கிறார்.